விளையாடத் தெரியாத உருளைக்கிழங்கு

ஜெர்மனியில் இருக்கும் எங்கள் ஊர் ரட்டவிட்ஸிலிருந்து நார்வேக்கு மீன் பிடிக்கப் போகிறவர்கள் வருஷத்துக்கு அறுபது பேராவது தேறுவார்கள். மே மாதம் பிறந்துவிட்டால் போதும். காருக்குப் பின்னால் இழுவண்டி, இழுவண்டிமேல் படகு, படகின் வயிற்றில் ஒரு மாத மளிகை என்று ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். அந்த நாட்டு விலைவாசிக்கு எங்கள் ஆட்களால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் நூடுல்ஸ், டின்னில் அடைத்த சாஸேஜ், காப்பித்தூள், பீர், உருளைக்கிழங்கு எல்லாம் இங்கிருந்தே போகும். ஊர்ப் போலீஸ்காரர் அப்படித்தான் போகிறார். தீயணைப்பு நிலையத் தலைவர் அப்படித்தான் போகிறார். முப்பது வருஷமாக இதைப் பற்றி யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

லோதார் பீச்கெ கேட்டார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

லோதாருக்கு அறுபத்தாறு வயது. டிராம் பட்டறையில் நாற்பத்தொரு வருஷம் பிரேக் மாட்டிக்கொண்டிருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு வண்டியும் இல்லாத தெருவில், சிக்னலில் சிவப்பு மனிதன் பச்சையாகும்வரை ஓரமாக நிற்பார். எங்கள் ஊரில் இதை யாரும் கேலி செய்ய மாட்டார்கள். அவருக்குப் பின்னால் வந்து நிற்பார்கள்.

இந்தப் பயணம் அவருக்காக அல்ல, அண்ணன் ஒட்மாருக்காக. ஒட்மாருக்கு எழுபத்து மூன்று. பழைய கிழக்கு ஜெர்மனியின் மீன்பிடிக் கப்பலில் பதினொரு குளிர்காலம் சமையல்காரராக இருந்தவர். நார்வேக் கரையோரம் புயல் அடித்தால் கப்பல் ஸ்கார்வோய் என்ற சின்னத் தீவின் மறைவில் போய் நங்கூரம் போடும். சமையலறையின் வட்ட ஜன்னல் வழியே ஒரு படகுத்துறை, ஒரு சிவப்பு வீடு, மரச்சட்டத்தில் தொங்கும் மீன் எல்லாம் தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஒட்மார் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆனால் இறங்கக் கூடாது. இறங்கியவன் திரும்பி வரமாட்டான் என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். பிறகு அந்த அரசாங்கம் போயிற்று, எல்லைச் சுவரும் போயிற்று. ஒட்மாருக்குக் கல்யாணம், வேலை, மனைவியின் நோய், முட்டிவலி என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்தபடி இருந்தது. இப்போது இதயம் முக்கால்வாசி களைத்துவிட்டது.

"போறதுன்னா இந்தக் கோடையிலேயே போயிட்டு வந்துடுங்க," என்றார் டாக்டர். "அடுத்த கோடையைப் பத்தி என்கிட்ட கேக்காதீங்க."

லோதார் அன்று மத்தியானமே வேலையை ஆரம்பித்தார். மூன்று மாதம் தங்குவதாகத் திட்டம். ஜூன் மூன்றாம் தேதி, கார் ஏற்றிப்போகும் கப்பலில் இடம் பிடித்தார். இழுவண்டியின் இரண்டு சக்கரத்தையும் கழற்றி பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தார். டயர் மாற்றினார். பின்விளக்குப் பலகையின் வயரை மாற்றி, ஒட்மாரைப் பின்னால் நிற்கவைத்து "இடது எரியுதா? வலது எரியுதா?" என்று இருபது தடவை கேட்டார். குளியலறை எடைமெஷினைக் கொண்டுவந்து வண்டியின் மூக்கை அதன்மேல் வைத்து, காரின் கொக்கிமேல் எவ்வளவு பாரம் இறங்கும் என்று பார்த்தார். நாற்பத்தெட்டு கிலோ, சரியாக வந்தது. காருக்குள் ஒட்மாரின் நடைவண்டி, பிராணவாயு மெஷின், மாத்திரைப் பெட்டி, நூற்றுப் பதினெட்டு கிலோ ஒட்மார். அதற்குமேல் காரில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தாலும் அனுமதித்த எடையைத் தாண்டிவிடும். ஆகவே நாற்பது கிலோ உருளைக்கிழங்கு படகுக்குள்தான் போக வேண்டும்.

கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்றால் ஒட்மார் ஒப்புக்கொள்ளவில்லை. தோட்டத்தில் தானே போட்டு எடுத்த கிழங்குதான் வேண்டும்.

"அந்த வீட்டைப் பாத்துக்கிட்டே பதினோரு வருஷம் உரிச்சேன்டா. அந்தத் துறையில உக்காந்து ஒரே ஒரு தடவை உரிக்கணும். கப்பலை யோசிச்சுக்கிட்டே."

சிக்கல் நம்பர் பலகையில் இருந்தது. படகு இழுக்கிற வண்டிக்குப் பச்சை எழுத்துப் பலகை கொடுப்பார்கள். விளையாட்டுக் கருவியை மட்டும் ஏற்றுகிற வண்டி என்பதால் வரி கிடையாது. மற்ற வண்டிக்குக் கறுப்பு எழுத்து, வருஷத்துக்கு இருபத்தொன்பது யூரோ வரி. லோதார் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதிவுப் புத்தகத்தை எடுத்துப் படித்தார். "விளையாட்டுக் கருவிகள் மட்டும்" என்று இருந்தது. திரும்பி உருளைக்கிழங்கு மூட்டையைப் பார்த்தார். மனசு உறுத்தியது.

"போய் ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேண்ணே."

"யாரை? எதுக்கு?"

"ஆபீஸ்ல. பின்னாடி பிரச்சனை வரக்கூடாதுல்ல."

"டேய், ஊரே கொண்டு போகுதுடா."

"ஊர் கேக்கலைண்ணே. அதான்."

மாவட்ட இழுவண்டிக் கண்காணிப்பு அலுவலகம் செவ்வாயும் வியாழனும் காலை எட்டிலிருந்து பதினொன்றரை வரை மக்களுக்காகத் திறந்திருக்கும். மீதி நேரத்தில் முப்பத்து நான்கு பேர் உள்ளே அமைதியாக வேலை பார்ப்பார்கள். என்ன வேலை என்று கேட்டவர் எவரும் இல்லை. லோதார் எட்டு மணிக்கு முன்பே போய், மெஷினில் சீட்டுக் கிழித்து, பெஞ்சில் உட்கார்ந்தார். எதற்கும் இருக்கட்டும் என்று படகையும் இழுவண்டியோடு கொண்டுபோய் வெளியே நிறுத்தியிருந்தார். யாரும் கேட்கவில்லை, தானாகக் கொண்டுபோனார்.

மூன்றாவது ஜன்னலில் திருமதி கெப்செல் இருந்தார். பின்னால் ரப்பர் செடி, பூனைக் காலண்டர். லோதார் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார்.

"படகுக்குள்ள நாப்பது கிலோ உருளைக்கிழங்கு வெச்சுக்கலாமா மேடம்?"

கெப்செல் பேனாவைக் கீழே வைத்தார். "யார் சொல்லி இதைக் கேக்கறீங்க?"

"யாரும் சொல்லலை. நானாத்தான்."

"பீச்கெ ஐயா, நீங்க கேக்காமப் போயிருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியாததைப் பத்தி நாங்க ஒண்ணும் பண்ண முடியாது, அது சட்டம். இப்பத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சதுக்கப்புறம் ஒண்ணும் பண்ணாம இருக்க முடியாது. அதுவும் சட்டம்தான்."

"அப்ப முடியாதுங்கறீங்களா?"

"முடியாதுன்னு நான் சொன்னேனா?" கெப்செலுக்கு உண்மையாகவே மனம் புண்பட்டுவிட்டது. "தடை போடறதுக்கா நாங்க இங்க உக்காந்திருக்கோம்? தடை போடறது சுலபம், ரோட்ல போற யார் வேணா போடலாம். நாங்க பண்றது வேற. இன்னும் அனுமதிக்காம இருக்கோம். அதுக்குத்தான் மூணு வருஷம் பயிற்சி."

சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். குனிந்து, பச்சைப் பலகையில் ஒட்டியிருந்த வட்ட முத்திரையைச் சுரண்டி எடுத்து, ஊதிவிட்டார்.

"தீர்மானம் ஆகிற வரைக்கும் உங்க வண்டி சந்தேகத்துல இருக்கு. முத்திரை இல்லாம ரோட்ல போகக்கூடாது."

"இப்ப வீட்டுக்கு எப்படிப் போறது மேடம்?"

அதற்கும் ஒரு சீட்டு இருந்தது. வீட்டிலிருந்து அலுவலகம், அலுவலகத்திலிருந்து வீடு. வேறெங்கும் போகக்கூடாது.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒட்மார் சொன்னார்: "முன்னாடி இருந்தவனுங்க 'கூடாது'ன்னு ஒரே வார்த்தையில சொன்னானுங்கடா. ரெண்டு செகண்டுல முடிஞ்சுது. அதுல ஒரு மரியாதை இருந்துச்சு."

வியாழக்கிழமை லோதார் மறுபடி போனார். இரண்டு நாள் யோசித்து ஒரு நல்ல வழி கண்டுபிடித்திருந்தார்.

"உருளைக்கிழங்கே வேண்டாம் மேடம். வீட்லயே விட்டுட்டுப் போயிடறோம். கேட்ட கேள்வியை வாபஸ் வாங்கிக்கறேன்."

"கேள்வி உங்க வாயில இருந்த வரைக்கும் உங்களோடது. ஜன்னலைத் தாண்டிடுச்சுன்னா எங்களோடது. வாபஸ் எல்லாம் ஹான்கெ சார் பாக்கறாரு. அவர் முட்டிக்கு வெந்நீர் ஊற்று சிகிச்சைக்குப் போயிருக்காரு. செப்டம்பர்ல வருவாரு."

"அவருக்குப் பதிலா யாருமே இல்லையா?"

"இருக்காங்களே. நான்தான். ஆனா எனக்குப் பதில் அவர். நான் அவரா இருந்தேன்னா இந்த ஜன்னல்ல ஆள் இருக்காது. ஆள் இல்லாத ஜன்னல்ல நீங்க எப்படி வந்து வாபஸ் வாங்குவீங்க?"

லோதார் அதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். எங்கும் ஓட்டை இல்லை. டிராம் பிரேக் மாதிரி கச்சிதமாகப் பொருந்தியது. ஆகவே இரண்டாவது வழியைச் சொன்னார்: வரியைக் கட்டிவிடுகிறேன், கறுப்பு எழுத்துப் பலகை கொடுங்கள்.

"கறுப்புன்னா சரக்கு வண்டி. சரக்கு வண்டிக்குத் தட்டையான தளம் இருக்கணும். உங்க வண்டியில படகு உக்கார்ற உருளைதான் இருக்கு. அதுல படகு மட்டும்தான் நிக்கும். படகு நின்னா அது விளையாட்டு வண்டி. விளையாட்டு வண்டின்னா பச்சை."

"பச்சைன்னா கிழங்கு கூடாது."

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது," என்று கெப்செல் சந்தோஷப்பட்டார்.

ஜூன் மூன்றாம் தேதிக் கப்பல் இவர்கள் இல்லாமல் போயிற்று. அன்று காலை ஒட்மார் ஒரு மெத்தையை எடுத்துக்கொண்டு, நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். ஏணி வைத்துப் படகில் ஏறி, நடுப்பலகையில் வடக்கே பார்த்து உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே. அடுத்த வீட்டு போஸ் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "எதுவரைக்கும் போயிருக்கீங்க?" என்று விசாரிப்பார். "டென்மார்க் தாண்டியாச்சு," என்பார் ஒட்மார். போன கோடையில் போஸ் அறுபது கிலோ கிழங்கும் நாலு பெட்டி பீரும் கொண்டுபோய் வந்தவர். போகும்போது சிவப்பு சிக்னலில் நிற்காமல்கூடப் போயிருப்பார்.

தூண்டில் சங்கத்தில்தான் அந்த யோசனை பிறந்தது. எங்கள் பக்கத்துக் குளங்களில் கெண்டை பிடிக்கிறவர்கள் வேகவைத்த உருளைக்கிழங்கைத்தான் தூண்டிலில் குத்துவார்கள். அப்படியென்றால் கிழங்கு மளிகை இல்லை, இரை. இரை என்றால் விளையாட்டுக் கருவியோடு சேர்ந்தது. லோதார் பதினாறு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு மாதம் சத்தமே இல்லை. பிறகு, தலைமை அதிகாரி டாக்டர் ஷ்டோல்ப் நேரடிச் சோதனைக்கு உத்தரவிட்டார். நார்வேயில் பிடிக்கப்போவது காட் என்ற கடல்மீன். எங்கள் மாவட்டத்துக்குக் கடல் இல்லாததால், நகராட்சிக் குளத்துக் கெண்டைகளில் ஒன்று காட் மீனின் பிரதிநிதியாக எழுத்துமூலம் நியமிக்கப்பட்டது.

ஜூலை மாதம், நல்ல வெயில். ஐந்து அதிகாரிகள் மடக்கு நாற்காலி போட்டுக் குளக்கரையில் உட்கார்ந்தார்கள். எல்லோர் மடியிலும் படிவம். லோதார் தூண்டிலில் கிழங்குத் துண்டைக் குத்தித் தண்ணீரில் விட்டார். மீன் வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை சும்மா இருக்க முடியாமல் டாக்டர் ஷ்டோல்ப் எழுந்து நின்று பேசினார்.

"அவனவன் படகுல கிழங்கைப் போட்டுக்கிட்டு அவன்பாட்டுக்குப் போயிடலாம்னா, அப்புறம் நாங்க முப்பத்து நாலு பேர் எதுக்கு? சொல்லுங்க. போற வழியில உங்களுக்கு விபத்து நடக்கலாம். கிழங்கு ரோட்ல உருளலாம். ஒரு குடிமகன் அது மேல கால் வெச்சு வழுக்கி விழுந்தா, அவன் எழுந்து நின்னு என்ன கேப்பான்? 'இது விளையாட்டுக் கிழங்கா, சாதாக் கிழங்கா?'ன்னு கேப்பான். யார் பதில் சொல்றது? இந்த இருபத்தொன்பது யூரோ வரியைக் காப்பாத்த நாங்க வருஷத்துக்குப் பதினேழு லட்சம் செலவு பண்றோம். எவ்வளவு பெரிய அர்ப்பணிப்பு! மக்களுக்குப் புரியறதில்லை. என் பெண்டாட்டிக்கே புரியறதில்லை."

அப்போது தக்கை முங்கியது. மீன் கிழங்கைத் தின்றுவிட்டது. லோதார் கையைத் தூக்கிக் கும்மாளம் போட்டார். கெப்செல் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"மீன் இதைப் பசியில தின்னுச்சா, விளையாட்டு உணர்வுல தின்னுச்சா?"

மீனைக் கேட்க முடியவில்லை. "தெரியவில்லை" என்று எழுதி, பாதி விளையாட்டு என்று முடிவுகட்டினார்கள். பாதி போதும் என்று விதியில் இருந்தது. லோதார் வீட்டுக்கு ஓடிவந்து சொல்ல, ஒட்மார் படகில் உட்கார்ந்தபடியே தம்பியின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். ஆகஸ்ட் கப்பலில் இடம் பிடித்தார்கள்.

மறுவாரம் வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் பீப்பாயோடு வந்தார்கள். இரை என்று தீர்ப்பானதால் கிழங்கை இனி மனிதர் தின்னக்கூடாது. தின்னாமல் இருப்பதை உறுதிசெய்ய நீலச் சாயத்தில் முக்கியெடுக்க வேண்டும். முக்கினார்கள். ஏற்கெனவே முளைவிட்டுச் சுருங்கியிருந்த கிழங்குகளை முற்றத்தில் பரப்பிக் காயவைத்து, எண்ணி, மூட்டை கட்டி, ரசீது கொடுத்துவிட்டுப் போனார்கள்.

ஒட்மார் ஒன்றைக் கையில் எடுத்தார். பேனாக்கத்தியால் தோலைச் சீவினார். உள்ளேயும் நீலம். உள்ளங்கையும் நீலமாயிற்று.

"இதை வெச்சு நான் என்னடா பண்றது?" என்றார். கோபத்தில் கேட்கவில்லை. அதுதான் லோதாரைக் கொன்றது. தன் வாயால் கேட்ட ஒரு கேள்வி அண்ணன் கைவரைக்கும் வந்து சாயம் பூசிவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது. பட்டறையில் நாற்பத்தொரு வருஷம் அழாதவர், படகின் மறைவில் நின்று அழுதார்.

ஆகஸ்ட் பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. கடைசி விசாரணை. படகு, கிழங்கு, பயணி மூன்றையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் கப்பல். லோதார் சீட்டுக் கிழித்தார். எண்பத்தேழு. அண்ணன் தம்பி இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒட்மாரின் மூச்சு விசில் மாதிரி வந்தது. மெஷின் காரில் இருந்தது. மின்சாரம் இழுக்கும் மெஷினைக் கட்டடத்துக்குள் கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும்.

பதினொன்று இருபதுக்கு டாக்டர் ஷ்டோல்பே ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரிப்பு.

"நல்ல செய்தி பீச்கெ ஐயா. நீலக் கிழங்குக்கு அனுமதி. உங்க படகுக்கு அனுமதி. ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி." பென்ஷன் காகிதம் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். "உங்க அண்ணன் தொழில் என்னன்னு போட்டிருக்கு பாருங்க."

"சமையல்காரர். கப்பல்ல. அது அப்ப."

"ஒரு சமையல்காரர். நாப்பது கிலோ கிழங்கு. சுத்தி உப்புத் தண்ணி. இதைப் பாத்தா நியாயமான ஒரு அதிகாரிக்கு என்ன தோணும்? உணவகம்னு தோணும். அதனால உங்க அண்ணனும் கிழங்கும் ஒரே வண்டியில போகக்கூடாது. நாப்பத்தெட்டு மணி நேரம் இடைவெளி விடணும். முதல்ல கிழங்கு போகட்டும், அப்புறம் அண்ணன் போகட்டும். இல்லைன்னா அண்ணன் சமையல்காரர் இல்லைன்னு ஒரு சான்றிதழ் வாங்குங்க. அதை ஹான்கெ சார்தான் குடுக்கணும். செப்டம்பர்ல—"

"லோதார்," என்றார் ஒட்மார் பெஞ்சிலிருந்து. சின்னக் குரல். "எனக்குச் செப்டம்பர் இல்லைடா."

ரப்பர் செடியிலிருந்து ஒரு இலை விழுந்தது. கெப்செல் அதை எடுத்து, எந்தக் குப்பைக்கு எந்தத் தொட்டி என்று பார்த்துப் போட்டார். பழைய லோதாராக இருந்தால் 'அந்தச் சான்றிதழுக்கு எந்தப் படிவம்?' என்று கேட்டிருப்பார். வாய்வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் அண்ணனின் உள்ளங்கை கண்ணில் பட்டது. மூன்று வாரம் சோப்புப் போட்டும் போகாத நீலம்.

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அண்ணனைத் தோளில் தாங்கி வெளியே கூட்டிவந்து காரில் உட்காரவைத்து, மூச்சுக்குழாயை மாட்டிவிட்டார். பிறகு காரைக் கிளப்பி, "தலைமை அதிகாரிக்கு மட்டும்" என்று எழுதியிருந்த இடத்தில் படகைக் கச்சிதமாகப் பின்னோக்கி நிறுத்தினார். டாக்டர் ஷ்டோல்ப் அன்றைக்குச் சைக்கிளில் வந்திருந்தார். லோதார் கொக்கியைக் கழற்றினார், கைப்பிரேக் போட்டார், இரண்டு சக்கரத்துக்கும் கட்டை வைத்தார். படகு நகர்ந்து யார்மேலாவது மோதிவிடக் கூடாதல்லவா. எண்பத்தேழாம் சீட்டை எடுத்து, படகைக் கட்டியிருந்த பட்டைக்கு அடியில் காற்றில் பறக்காதபடி செருகினார்.

மூன்றாவது ஜன்னல் திறந்தது. "பீச்கெ ஐயா! என்ன இது? வண்டியை விட்டுட்டு எங்க போறீங்க?"

லோதார் காரில் உட்கார்ந்து கிளப்பினார். நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் ஒரு சிவப்பு சிக்னல் வந்தது. நின்றார். அந்த விஷயத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

படகு என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அது முதலில் அங்கேயே நின்றது, பிறகும் அங்கேயே நின்றது. பலகையில் முத்திரை இல்லாத வண்டியை ரோட்டில் இழுக்கக்கூடாது. முத்திரை ஒட்ட விண்ணப்பதாரர் நேரில் வர வேண்டும். கேட்பாரற்ற பொருள் என்று தூக்கிப் போடலாம் என்றால், வரிசைச் சீட்டு இருக்கிறது. வரிசையில் காத்திருப்பதைக் கேட்பாரற்றது என்று சொல்ல விதியில் இடமில்லை. செப்டம்பரில் ஹான்கெ முட்டி குணமாகி வந்து, வாபஸ் மனுவை நாலே நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார். ஆனால் முத்திரை ஒட்ட வண்டி வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். படகோ ஏற்கெனவே அலுவலகத்தில் இருக்கிறது. ஆகவே அது முதலில் வீட்டுக்குப் போய்விட்டு முறைப்படி வர வேண்டும் என்று குறிப்பெழுதினார். மழை பெய்து படகு நிறைந்தது. நீலக் கிழங்குகள் மூட்டையைக் கிழித்துக்கொண்டு படகின் விளிம்புக்கு மேலே இலை விட்டன. அலுவலக வளாகத்தில் விவசாயம் நடக்கிறதா என்று வேறொரு அலுவலகம் விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறது. டாக்டர் ஷ்டோல்ப் இப்போது பார்வையாளர் இடத்தில் காரை நிறுத்தி, சீட்டுக் கிழித்துக்கொண்டு உள்ளே போகிறார். படகை அகற்றும்படி ஸ்கார்வோய்க்கு மூன்று கடிதம் போட்டுவிட்டார்கள். மூன்றுக்கும் லோதார் ஒரே பதில் எழுதினார்: "எங்கள் எண் 87. கூப்பிடும்போது வருகிறோம். இங்கே மீன் நன்றாகக் கிடைக்கிறது."

அதெல்லாம் பின்னால் நடந்தது. கப்பலில் ஏறிய அன்று, சிற்றுண்டிக் கடைக்குப் பக்கத்தில் பயணிகளுக்கான அறிவிப்பு ஒன்று ஒட்டியிருந்தது. லோதார் அறிவிப்பென்றால் விடமாட்டார். மேலிருந்து கீழே படித்தவர், நடுவில் நின்றுவிட்டார். நார்வேக்குள் கொண்டுவரக் கூடாத பொருள்களின் பட்டியலில் உருளைக்கிழங்கு இருந்தது. பெரிய எழுத்தில் இருந்தது. மூன்று மாத விசாரணை, முப்பத்து நான்கு அதிகாரிகள், ஒரு கெண்டை, ஒரு பீப்பாய் நீலச் சாயம். ஒருத்தராவது இதைப் படித்திருக்கவில்லை.

ஒட்மார் சிரித்த சிரிப்பில் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்துச் சிரித்து மெஷினின் வேகத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் நண்பகல் ஸ்கார்வோய். சிவப்பு வீட்டுக்கு யாரோ மஞ்சள் அடித்திருந்தார்கள். "பரவால்ல, ஜன்னல் அதேதான்," என்றார் ஒட்மார். காரிலிருந்து இறங்கி, நடைவண்டியைப் பிடித்தபடி, துறையின் முதல் பலகைக்கு முன்னால் நின்றார். உடனே கால் வைக்கவில்லை. இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். தூரத்தில் ஒரு பெண்மணி கவிழ்த்துப்போட்ட படகுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

"யாரும் ஒண்ணும் சொல்லலையேடா?"

"இல்லைண்ணே."

ஒட்மார் கால் வைத்தார். பலகை கொஞ்சம் முனகியது. பதினைந்து அடி நடந்து, அங்கே கிடந்த மீன்பெட்டிமேல் மெல்ல உட்கார்ந்தார். எதிரே கடல். அந்தக் கப்பல் நங்கூரம் போட்டு நின்ற இடம் வெறுமனே கிடந்தது. கடையில் வாங்கிய உருளைக்கிழங்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு பேனாக்கத்தியைத் திறந்தார்.

பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பெண்மணி நிமிர்ந்து இவர்களைப் பார்த்தார். லோதாருக்கு மனசு உறுத்தியது. அடுத்தவர் துறை, அடுத்தவர் பெட்டி. தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, இங்கே உட்காரலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்கப் புறப்பட்டார். ஒட்மார் நீலக் கையை நீட்டி அவர் சட்டையை இறுக்கிப் பிடித்தார்.

"டேய். கேட்டுத் தொலைக்காதே."

லோதார் நின்றார். வாயை மூடிக்கொண்டார். அந்தப் பெண்மணி தலையை ஆட்டிவிட்டு மறுபடி பெயின்ட் அடிக்க ஆரம்பித்தார். ஒட்மார் முதல் கிழங்கை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.